அடுப்பேறாத பங்கு

14-7-58, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிச்சல். குடைக் கம்பி முறிந்து தொங்குகிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி மூன்று நாள் ஆச்சு. செங்கோட்டை ஸ்டேஷனில் சிக்னல் கம்பியைத் தவிர வேறு கம்பி எதுவும் இவர் கண்ணில் படாது.

பள்ளிக்கூடத்தில் குற்றாலப் பட்டியல் ஒட்டியாச்சு. வருகிற ஞாயிறு டீச்சர்மார் எல்லாரும் போவது. அருவியில் குளித்துவிட்டு, ஆளுக்கொன்றாகப் பொங்கிக் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது. ஆடி பிறந்து முதல் ஞாயிறு. யார் என்ன கொண்டுவரணும் என்று பெரிய டீச்சர் தன் கையால் எழுதுவார். (இனி பெ.டீ. என்றே எழுதுகிறேன். முழுசாக எழுத இன்றைக்குக் கை வரவில்லை.)

பெ.டீ. - புளியோதரை, கேசரி
கோமதி - அவியல்
தையல் டீச்சர் - வடை
கணக்கு டீச்சர் - தயிர்ச்சோறு
ஞானம் - வாழையிலை, எலுமிச்சம்பழம், வெற்றிலை

நான்தான் ஞானம். பதினோரு வருஷமாக இதே பள்ளிக்கூடம். இப்போதுள்ள பெ.டீ. வந்தபிறகு தொடங்கியது இந்தக் குற்றால ஏற்பாடு. ஐந்து வருஷம். ஐந்து வருஷமும் எனக்கு இலை. முதல் வருஷம் புரியவில்லை, புதுசு என்று விட்டுவிட்டேன். ரெண்டாம் வருஷம் புரிந்தது. எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாத சாமானாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள்.

சாதி என்ன என்று இங்கே யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எந்தத் தெரு என்று கேட்பார்கள். சொன்னதும் ஒரு "ஓகோ". அவ்வளவுதான், பிறகு எல்லாம் மரியாதையாகவே நடக்கும். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவே ஆகாது.

நாலாம் வகுப்பு நோட்டு திருத்தணும். நாற்பத்தொன்று. பாதி கூட முடியவில்லை.

16-7-58, புதன்

கேட்டுவிட்டேன். ராத்திரியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. ஆனாலும் கேட்டாச்சு.

"டீச்சர், இந்த வருசம் நான் உளுந்தஞ்சோறு பொங்கிக் கொண்டாரேன். இலைய வேற யாருக்காச்சும் எழுதுங்க."

பெ.டீ. பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.

"ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம்? பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு."

"என் பிள்ளைங்க ரெண்டும் பாளையங்கோட்டையில ஆஸ்டல்ல இருக்குது டீச்சர்."

"அதுக்கில்ல..." கொஞ்சம் யோசனை. "ஏதாவது எண்ணெய்ப் பலகாரம் கொண்டாங்களேன். முறுக்கு, அதிரசம். பொரிச்சதுன்னா எல்லாரும் எடுத்துக்கிடுவாங்க."

இதுதான் கணக்கு. எண்ணெயில் பொரித்தால் பாதகமில்லை. தண்ணீர் விட்டுப் பொங்கினால் ஆகாது. சோறு கூடவே கூடாது. யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று வந்து பார்க்கட்டும். அவர்கள் குடிக்கிற சிற்றாற்றுத் தண்ணீர்தானே எங்களுக்கும்.

"சோறுதான் டீச்சர்" என்றேன். "எள்ளுத் துவையலோட."

"சரி, ஒங்க இஷ்டம்" என்றாள். (என்றார், என்றாள். இது என் நோட்டு. இங்கே என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு.)

வெளியே வந்தேன். கோபமா பயமா தெரியவில்லை. கோமதி ஓடி வந்து, "அக்கா, நீங்க கேட்டது நல்லதுக்கா" என்றாள். சின்னவள். கல்யாணமாகி ரெண்டு வருஷம். அவள் ஒருத்திதான் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள்.

19-7-58, சனி

வாங்கியது: தொலி உளுந்து, வெள்ளைப்பூண்டு, எள், தேங்காய் ரெண்டு. ஒரு தேங்காய் அழுகல். கடைக்காரனிடம் திரும்பப் போய்ச் சண்டை. மாற்றிக் கொடுத்தான்.

உளுந்தை இன்றைக்கே வறுத்து வைத்தேன், வாசம் வருகிற மட்டும். அவசரப்பட்டால் கரியும், விட்டால் பச்சை நாற்றம் அடிக்கும். நாளைக் காலை அரிசி, பூண்டு, சீரகம், வெந்தயம், தேங்காய்ப்பூ எல்லாம் சேர்த்து ஒரே பொங்கு. இவர் வாசம் பிடித்து அடுக்களைக்குள் வந்து, "எனக்கு இல்லியா?" என்றார். குடையைச் சரி பண்ணினால் உண்டு என்றேன். பண்ணிவிட்டார்! ஒரு வாரமாகப் பண்ணாததை அஞ்சு நிமிஷத்தில்.

பித்தளைத் தூக்குச் சட்டியைப் புளி போட்டு ரெண்டு தரம் தேய்த்தேன். பிறகு எதற்கு ரெண்டு தரம் தேய்த்தேன் என்று என் மேலேயே கோபம். அவர்கள் பார்ப்பார்களே என்றுதான். வேறென்ன.

20-7-58, ஞாயிறு

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு மறந்தால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

ரெண்டு மாட்டு வண்டி. இலஞ்சி தாண்டும்போதே அருவி தெரிந்தது. மூணு கிளையாக வெள்ளையாக விழுகிறது. நல்ல சீசன். எல்லாருக்கும் குஷி.

இறங்கியதும் பாத்திரங்களையெல்லாம் மண்டபத்துப் பக்கம் ஒரு பாறையில் இலை விரித்து அடுக்கினார்கள். நானும் என் தூக்குச் சட்டியை எடுத்தேன். பெ.டீ. ஓடி வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள். அப்பாடா, வாங்கிவிட்டாளே என்று நினைத்தேன். வாங்கி நேரே வண்டிக்குள் கொண்டுபோய் வைக்கோலுக்குப் பின்னால் வைத்தாள். துண்டைப் போட்டு மூடினாள்.

"இது இங்கனயே இருக்கட்டும் டீச்சர். சூடு ஆறாம இருக்கும். வேணும்னா பெறவு எடுத்துக்கிடலாம்."

வேணும்னா! மற்றவர்கள் சோற்றுக்கெல்லாம் சூடு ஆறாதாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கினேன். அருவிக்குப் போனேன். தண்ணீர் தலையில் விழும்போது வாய்விட்டுத் திட்டினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. பக்கத்தில் நின்ற கோமதி நான் ஏதோ பாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

ஒரு மணி நேரம் குளியல். குற்றாலத்தில் குளித்தால் வருகிற பசியைச் சொல்லணுமா. குடலைச் சுருட்டுகிறது. ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு எல்லாரும் மண்டபத்துக்கு ஓடினோம்.

காவலுக்கு நின்ற தையல் டீச்சர் சாரல் கூடிவிட்டது என்று மண்டபத்துக்குள் ஒதுங்கியிருக்கிறாள். அஞ்சே நிமிஷம் என்கிறாள். குரங்குக்கு அஞ்சு நிமிஷம் போதாதா? இருபது உருப்படி இருக்கும். புளியோதரைக்குள் ஒன்று உட்கார்ந்தே இருந்தது. வடையை மரத்தில் வைத்துத் தின்கிறது. தயிர்ச்சோறு பாறையெல்லாம். கேசரியைக் குட்டி ஒன்று முகத்தில் அப்பிக்கொண்டது. அவியல் சட்டி உருண்டு ஓடைக்குள் போச்சு. பெ.டீ. குடையை எடுத்து விரட்டினாள். பெரிய கடுவன் ஒன்று பல்லைக் காட்டியது. பெ.டீ. என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்போது என்னைத் தொட்டதில் ஒன்றும் குறைந்து போகவில்லை!

பிறகு எல்லாரும் நின்றோம். கணக்கு டீச்சருக்கு மயக்கம் வருகிறாற்போல இருந்தது. காலையில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லையாம், இங்கே நன்றாகச் சாப்பிடணும் என்று. சாப்பாடு வாங்கக் கிளப்புக் கடைக்கு ஆள் அனுப்பினால், சீசன் கூட்டத்தில் எல்லாம் தீர்ந்து போச்சு என்று திரும்பி வந்தான் வண்டிக்காரன்.

வண்டிக்காரன்தான் சொன்னான்: "அம்மா, வண்டிக்குள்ள ஒரு தூக்குச் சட்டி இருக்குல்லா?"

தள்ளி வைத்த சட்டி மட்டும் முழுசாக இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. சிரித்தேன்.

எல்லாரும் பெ.டீ. முகத்தைப் பார்த்தார்கள். பெ.டீ. அருவியைப் பார்த்தாள். கோமதிதான் முதலில் இலையை எடுத்துப் போட்டாள். அப்புறம் கணக்கு டீச்சர். அப்புறம் ஒவ்வொருத்தராக. கடைசியாகப் பெ.டீ.யும் உட்கார்ந்தாள். நான்தான் பரிமாறினேன். முதல் உருண்டையை வாயில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். மருந்து சாப்பிடுகிறாளாம். ரெண்டாவது உருண்டைக்குக் கண் திறந்தது. பிறகு இலையைப் பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

"துவையல் இன்னும் கொஞ்சம் இருக்கா டீச்சர்?"

ரெண்டு தரம் கேட்டு வாங்கினாள். நான் எண்ணினேன், ரெண்டு. கடைசியில் சட்டி அடியில் ஒட்டியிருந்ததை வழித்து இலையில் கட்டிக்கொண்டாள். மகள் வடிவுக்காம். வடிவு வடகரையில் கட்டிக்கொடுத்த பிள்ளை. இப்போது மூணு மாசம். மசக்கை பலமாக இருக்கிறது என்று கூட்டி வந்து வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் கூடத் தங்கவில்லையாம். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். ஒல்லிக் குச்சி. என் மேசையில் தினம் ஒரு பவளமல்லிப் பூ வைப்பாள்.

வரும்போது வண்டியில் ஒரே பேச்சு, சிரிப்பு. குரங்குக் கதை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

21-7-58, திங்கள்

நேற்றைய சந்தோஷத்தில் மண்.

பிரேயர் முடிந்ததும் பெ.டீ. கூப்பிட்டாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். மேசைப் பக்கத்தில் கோமதியும் நின்றாள், தலை குனிந்து.

"நேத்துக் கொண்டுபோன சோத்த வடிவு தின்னா டீச்சர். தங்கிட்டு. ஒரு வாரத்துல முத மொதலாத் தங்குன சோறு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

நான், "சந்தோசம் டீச்சர்" என்றேன். நிஜமாகவே.

"வடிவு அப்பா யாரு பொங்குனதுன்னு கேட்டாக. நான்... கோமதி பொங்குனதுன்னு சொல்லிட்டேன். ஒங்களுக்கே தெரியும், எங்க வீட்டுல அவுக கொஞ்சம் பழைய ஆளு. நீங்களும் யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிருங்க. என்ன?"

கோமதியைப் பார்த்தேன். "பெரிய டீச்சர் சொல்லுதாகளேன்னு..." என்று இழுத்தாள்.

பசிக்குத் தின்றது என் சோறு. பேர் இன்னொருத்திக்கு. குரங்கு கூடப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போயிற்று, இது யார் பொங்கியது என்று மாற்றிச் சொல்லவில்லை.

நான் தலையாட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வாயிருந்தும் ஊமை.

22-7-58, செவ்வாய்

மதியம் கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும்போல் தன் டப்பாவிலிருந்து பொரியல் எடுத்து என் மூடியில் வைத்தாள். நான் என் கருவாட்டுக் குழம்பை... இல்லை, அவள் சைவம், அது வேண்டாம். என் எலுமிச்சஞ்சோற்றில் ஒரு கரண்டி நீட்டினேன்.

"வேண்டாங்கா, வயிறு நெறஞ்சிட்டு."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரெண்டு வருஷமாக இவள் எனக்குக் கொடுக்கிறாள். ரெண்டு வருஷத்தில் இந்த அறையில் என் டப்பாவிலிருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாங்கியதில்லை. வயிறு நிறைந்திருக்கும், விரதம் இருக்கும், பல் வலி இருக்கும். குற்றாலத்தில்தான் முதல் தடவை. இவள் கொடுப்பதைப் பார்த்து இவ்வளவு நாள் பிரியம் என்று நினைத்தேனே. கொடுப்பதில் என்ன இருக்கிறது? பிச்சைக்காரனுக்கும்தான் கொடுக்கிறார்கள். வாங்கித் தின்றால் அல்லவா பிரியம்.

அவள் வைத்த பொரியலைத் தொடவில்லை. மூடியோடு திருப்பிக் கொடுத்தேன். "எனக்கும் வயிறு நெறஞ்சிட்டு" என்றேன்.

முகம் சுண்டிப் போச்சு. போகட்டும்.

சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. எழுதிக் கேட்கணும். அதற்கும் பெ.டீ. கையெழுத்து.

25-7-58, வெள்ளி

ஆடி வெள்ளி. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. நோட்டு திருத்தி முடித்தேன்.

சாயங்காலம் தெருமுனைக் குழாயடியில் கோமதி நிற்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னது. வீட்டுக்கு வரவில்லை. குழாயடியோடு சரி. கையில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் தூக்கு. அவள் பேர் வெட்டியது.

"அக்கா, வடிவுக்கு மறுபடியும் ஒண்ணும் தங்கல. நேத்து நான் பொங்கிக் கொடுத்தேன். வாயில வச்சதும் வாந்தி எடுத்துட்டா. இது அந்தச் சோறு இல்லன்னு அழுதாளாம். பெரிய டீச்சர்தான் சொல்லிவிட்டாக. நீங்க பொங்கி இந்தத் தூக்குல போட்டுத் தாங்க. நான் கொண்டுபோய்க் கொடுத்துருதேன்."

"யாரு பொங்குனதுன்னு கொடுப்ப?"

தூக்கின் மூடியைத் திருகினாள்.

"சொல்லுட்டி. யாரு பொங்குனதுன்னு?"

"அக்கா, அந்தப் பிள்ளை எலும்பும் தோலுமாக் கெடக்கு. இதுல போயி..."

"முடியாது" என்றேன். "என் அடுப்பு வேணும், என் கை வேணும், நான் மட்டும் வேண்டாமா? போய்ச் சொல்லு ஒன் பெரிய டீச்சருகிட்ட."

அழுதாள். தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

26-7-58, சனி

இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் சொன்னது: "வயித்துப் பிள்ளைக்காரி மேலயா ஒன் கோவத்தக் காட்டுத?"

அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பலகையை அப்படியே தள்ளினேன். நான் காட்டுகிறேனா! ஐந்து வருஷமாக எலுமிச்சம்பழம் எண்ணிக் கொடுத்தவள் நான். இன்றைக்கு ஒரு தரம் மாட்டேன் என்றால் நான் கொடுமைக்காரி. இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். போகும்போது, "பிள்ளைக்குத் தெரியுமா இவங்க பாடு" என்றார்.

தெரியாது. அதுதான் சங்கடம். வடிவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கேட்டது ருசி. பேரை மாற்றியது அவள் அம்மா.

கொடுத்தால் கோமதி பேரில் போகும். பிறகு ஏழாம் மாசம், வளைகாப்பு, கட்டுச்சோறு என்று என் அடுப்பில் பொங்கிப் பொங்கி அவள் தூக்கில் போய்க்கொண்டே இருக்கும். கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை பட்டினி. ரெண்டும் என்னால் ஆகாது.

காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. பவளமல்லி வைத்த பிள்ளை.

மத்தியானம் போய் உளுந்து வாங்கினேன். கடைக்காரன், "என்ன டீச்சர், மறுபடியும் குத்தாலமா?" என்றான். ஆமா, ரத வீதிக் குத்தாலம் என்றேன். பெ.டீ. வீடு அங்கேதான். அவனுக்குப் புரியவில்லை.

27-7-58, ஞாயிறு

காலையில் பொங்கினேன். என் பித்தளைத் தூக்குச் சட்டி. இந்தத் தரம் ஒரு தேய்ப்புத்தான்.

கோமதி வழியாக அனுப்பவில்லை. நானே எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சேலை கட்டி, குடை பிடித்து, ரத வீதி வழியாகவே நடந்தேன். பின்வாசல் சந்து எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்வாசலில் பெ.டீ. வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு.

"யாரு?"

"ஞானம். பள்ளிக்கூடத்து டீச்சர். வடிவுக்குச் சோறு கொண்டாந்திருக்கேன்."

"கோமதி டீச்சர் கொடுத்துவிட்டாளா?"

"இல்ல. நான் பொங்குனது. எங்க வீட்டுல."

"எந்தத் தெரு?"

சொன்னேன். பேப்பரை மடித்தார். அந்த "ஓகோ" கூட வரவில்லை. உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பெ.டீ. வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போச்சு.

"என்ன டீச்சர் இது, சொல்லாம கொள்ளாம? எங்க வீட்டுல இதெல்லாம் வழக்கமில்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டேன்.

"குத்தாலத்துல ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னியளே டீச்சர், அது வழக்கமா? இலையில கட்டிக் கொண்டாந்து ஒங்க மகளுக்குக் கொடுத்தியளே, அது? இது அதே சோறுதான். பொங்குனது நான்தான். கோமதி இல்ல."

சத்தமாகத்தான் சொன்னேன். எதிர்வீட்டு ஆச்சி வெளியே வந்துவிட்டார். வீட்டுக்காரர் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டியல் எழுதும்போது என்ன தைரியம்! நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னை என்ன பண்ணுவாளோ. இடம் மாற்றி எழுதினாலும் எழுதுவாள். எழுதட்டும்.

வடிவு கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து. பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போச்சோ.

"டீச்சர்..."

"உள்ள போ வடிவு" என்றார் அப்பாக்காரர்.

போகவில்லை. வாசல் படியில் மெல்ல உட்கார்ந்தாள். ரெண்டு கையையும் சேர்த்து என் பக்கம் நீட்டினாள்.

"பசிக்குது டீச்சர். போடுங்க."

அப்பாக்காரர் எழுந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நான் படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். ஆவி வந்தது. கரண்டி எடுத்துப் போகத் தோன்றவில்லை, கையாலேயே அள்ளி அவள் கையில் வைத்தேன். தின்றாள். இன்னொரு கை கேட்டாள். வைத்தேன்.